பேட்டரி போய்விட்டதா, சார்ஜ்தான் இறங்கியதா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

விடுமுறையில் ஊர் வந்து இறங்கியதும் நம் வீடுகளில் நடக்கும் முதல் வேலைகளில் ஒன்று, போர்ட்டிகோவில் உறை போட்டு நிற்கும் காரை எடுத்துப் பார்ப்பது. பத்து, பதினோரு மாதம் நின்ற வண்டி. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. தெருமுனை மெக்கானிக் வந்து பார்ப்பார், "பேட்டரி போச்சு பாய், புதுசு போட்டுடலாம்" என்பார். நாமும் வந்த களைப்பில் சரி என்று பணத்தைக் கொடுத்துவிடுவோம்.

எங்கள் உறவினர் ஒருவர் வீட்டிலும் இப்படித்தான் நடந்தது. பேட்டரி வாங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கடைக்காரர் எந்தச் சோதனையும் செய்யவில்லை. பழையதை எடுத்துக்கொண்டு புதியதை மாட்டிவிட்டுப் போய்விட்டார். விடுமுறை முழுக்க வண்டி நன்றாக ஓடியது. அவர் திரும்பி வளைகுடா சென்ற ஐந்தாம் நாள் இரவு, வீட்டில் இருந்த அவருடைய உம்மாவுக்கு மூச்சுத் திணறல். மகன் காரை எடுக்கப் போனால், மறுபடியும் அதே 'டிக்'. பக்கத்து வீட்டார் எழுந்து வந்து தங்கள் வண்டியில் கொண்டு போனார்கள். உம்மா நலமாகத் திரும்பினார்கள். ஆனால் அந்த அரை மணி நேரத்தை அந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. டிக்கியில் இருக்கும் சின்ன விளக்கு, கதவை மூடிய பிறகும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. மூடிய டிக்கிக்குள் எரியும் விளக்கை வெளியில் இருந்து யார் பார்ப்பது? வயதான எலக்ட்ரீசியன் ஒருவர், போனில் வீடியோ ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் விளக்கு எரிவது பளிச்சென்று பதிவாகி இருந்தது. 5 வாட் பல்பு என்றால் ஏறக்குறைய 0.4 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி. சிறிய கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-மணி அளவு பேட்டரி. மூன்றரை நாளில் கணக்கு முடிந்துவிடும். தினமும் ஓட்டியபோது ஓட்டத்தில் ஏறிய சார்ஜ் இந்தக் குறையை மறைத்தது. வண்டி நின்றதும் வெளியே வந்துவிட்டது.

அப்படியானால் முதலில் தூக்கிக் கொடுத்த அந்தப் பழைய பேட்டரி உண்மையிலேயே கெட்டிருந்ததா? யாருக்கும் தெரியாது. சோதிக்கவே இல்லையே. ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் வீட்டில் இருந்திருந்தால் பாதிக் கேள்விகளுக்கு அன்றே பதில் கிடைத்திருக்கும். அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறோம். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும், கணவர் வெளிநாட்டில் இருக்க வண்டியைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் சகோதரிகளும் செய்துவிடக்கூடிய வேலைதான் இது.

சார்ஜ் வேறு, ஆரோக்கியம் வேறு

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் இப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. தொட்டியின் அடியில் சேறு படிந்து பாதி இடத்தை அடைத்திருக்கிறதா, வெளியே வரும் குழாய் துருப்பிடித்துச் சுருங்கிவிட்டதா என்பது இன்னொரு கேள்வி. சேறு நிறைந்த தொட்டியிலும் தண்ணீர் மட்டம் விளிம்பு வரை தெரியும். ஆனால் இரண்டு வாளி பிடித்தால் தீர்ந்துவிடும். பேட்டரியின் வோல்ட் என்பது அந்தத் தண்ணீர் மட்டம் மட்டும்தான். அதை வைத்து 'பேட்டரி நன்றாக இருக்கிறது' என்றோ 'கெட்டுவிட்டது' என்றோ தீர்ப்பு சொல்ல முடியாது.

காரில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள் இருக்கின்றன. இவற்றைச் 'செல்' என்கிறோம். ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகள், தண்ணீர் கலந்த கந்தக அமிலம். 1859-இல் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளான்டே உருவாக்கிய அதே அடிப்படைதான் இன்றும். மின்சாரம் வெளியே போகப் போக அமிலம் தகடுகளில் ஏறி, ஈய சல்பேட்டாகப் படிகிறது. திரவம் வெறும் தண்ணீரை நோக்கிப் போகிறது. சார்ஜ் ஏற்றினால் இது திரும்ப நடந்து, அமிலம் திரவத்துக்கு வந்துவிடும். இறங்கிய பேட்டரியை அப்படியே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டுவிட்டால் அந்தப் படிவு கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. தொட்டியில் படிந்த சேறு என்று நாம் சொன்னது இதைத்தான். ஆக, சார்ஜ் இறங்குவது நோயல்ல. இறங்கிய நிலையில் போட்டு வைப்பதுதான் நோயை உண்டாக்குகிறது.

மீட்டரைப் பிடிக்கும் முன்

சில எச்சரிக்கைகள். கை மோதிரம், உலோகக் கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஓர் உலோகம் ஒன்றாகத் தொட்டுவிட்டால், அது நொடியில் பழுக்கக் காய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். 12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்பது சரிதான், ஆனால் தீக்காயம் வரும்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றில் நான்கு சதவீதம் கலந்தாலே தீப்பிடித்து வெடிக்கக்கூடிய வாயு அது. எனவே பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பீடி, சிகரெட், தீக்குச்சி கூடவே கூடாது. மூடிய ஷெட்டுக்குள் இரவெல்லாம் சார்ஜ் போட்டு வைப்பதும் கூடாது. குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். அமிலம் கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், ஓடும் தண்ணீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

முதலில் கண்ணால் பாருங்கள். பேட்டரியின் வயிறு உப்பியிருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, ஈரம் கசிகிறதா? இருந்தால் மேற்கொண்டு சோதனை வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம். மாற்றிவிட வேண்டியதுதான். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அது பேட்டரி கெட்டதற்கு அடையாளமல்ல. ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். சாவியை அணைத்துவிட்டு, முதலில் கழித்தல் குறியுள்ள கறுப்பு ஒயரையும் பிறகு கூட்டல் குறியுள்ள சிவப்பு ஒயரையும் கழற்றுங்கள். வெந்நீரில் கொஞ்சம் ஆப்ப சோடா கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். செல் மூடிகள் வழியே அந்தத் தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது. துடைத்துக் காயவிட்டு, மாட்டும்போது சிவப்பை முதலில், கறுப்பைக் கடைசியில் மாட்டி நன்றாக இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் மறுபடி பூக்காது. 'பேட்டரி போச்சு' என்று சொல்லப்பட்ட வண்டிகள் இந்த ஒரு வேலையிலேயே ஸ்டார்ட் ஆனதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

முதல் சோதனை: நின்ற நிலையில் வோல்ட்

மல்டிமீட்டரில் டிசி வோல்ட் பகுதியில் 20 என்ற அளவுக்குத் திருப்புங்கள். கறுப்பு ஒயர் 'காம்' என்று எழுதிய துளையில், சிவப்பு ஒயர் வோல்ட், ஓம் குறியுள்ள துளையில் இருக்க வேண்டும். மூன்றாவதாக 10 ஆம்பியர் என்று எழுதிய துளை இருக்கும். அதில் சிவப்பைச் செருகி பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் நேரடி ஷார்ட் ஆகிவிடும். மீட்டர் மட்டுமல்ல, கையும் சுடும். தொடும் முன் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியை ஓட்டிவிட்டு வந்த உடனே பார்த்தால் வோல்ட் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். சுடச்சுட ஊற்றிய பாலில் நுரை பொங்கி நிற்பது போல. இரவு நிறுத்தி, காலையில் யாரும் கதவைத் திறக்கும் முன் பார்ப்பதே சரியான அளவு. அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதென்றால், முகப்பு விளக்கை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சில நிமிடங்கள் கழித்துப் பாருங்கள்.

12.6 அல்லது அதற்கு மேல் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால் அளவு. 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். 11.9-க்குக் கீழே போய்விட்டால் காலி என்றே எடுத்துக்கொள்ளலாம். '12 வோல்ட் பேட்டரி, 12 காட்டுகிறது, நல்லாத்தானே இருக்கு' என்று பலர் நினைக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் அது எவ்வளவு தவறு என்று புரியும். முக்கால் வோல்ட் வித்தியாசத்துக்குள் முழு வயிறும் பட்டினியும் அடங்கிவிடுகிறது. இன்றைய சில கார்களில் வரும் ஏஜிஎம் வகைப் பேட்டரியில் முழு சார்ஜ் 12.8-க்கு மேல் காட்டும்.

10.5 பக்கத்தில் காட்டி, சார்ஜ் போட்டும் அங்கேயே நிற்கிறதென்றால் கணக்கு எளிது. ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட். 12.6-இல் இருந்து ஒரு செல்லைக் கழித்தால் 10.5. அதாவது ஆறில் ஒன்று செத்துவிட்டது. இதற்கு மருந்து கிடையாது.

சார்ஜ் போட்டுவிட்டுத்தான் தீர்ப்பு

முதல் சோதனையில் 12.2, 11.8 என்று குறைவாக வந்தால், அதோடு பேட்டரி கெட்டது என்று முடிவு செய்யாதீர்கள். எங்கள் உறவினர் வீட்டில் விட்டுப்போன படி இதுதான். பேட்டரியைக் கழற்றி ஒரு பேட்டரிக் கடையில் சார்ஜ் போடக் கொடுங்கள். சின்னத் தொகைதான் வாங்குவார்கள். வீட்டில் சார்ஜர் இருந்தால், பேட்டரியின் ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும். 35 என்றால் 3.5 ஆம்பியர். காலியான பேட்டரி நிறைய பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அவசரத்துக்குக் கூடுதல் கரண்ட் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். தகடுகள் சூடாகி வளைந்துவிடும்.

சார்ஜ் முடிந்ததும் ஒயர் எதுவும் மாட்டாமல் ஒரு நாள் அப்படியே வையுங்கள். மறுநாள் 12.6 நின்றால் நல்ல செய்தி. 12.3-க்கோ அதற்குக் கீழோ தானாக இறங்கியிருந்தால் உள்ளே கசிவு இருக்கிறது, அல்லது சல்பேட் கெட்டியாகிவிட்டது. அப்போது மாற்றுவது நியாயம்.

இரண்டாம் சோதனை: பாரம் ஏற்றிப் பார்ப்பது

பேட்டரியின் உண்மையான பலம் செல்ஃப் மோட்டார் சுற்றும் அந்த இரண்டு வினாடியில்தான் தெரியும். அப்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மீட்டர் முனைகளைப் பேட்டரியில் வைத்துக்கொண்டு, வீட்டில் யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு இருக்க வேண்டும். மீட்டரில் எண் சட்டென்று இறங்கி ஏறும். கண்ணால் பிடிக்க முடியவில்லை என்றால் போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மிகக் குறைந்த எண் எது என்பதுதான் முக்கியம்.

நம் ஊர் வெயிலில், முழு சார்ஜ் உள்ள நல்ல பேட்டரி பெரும்பாலும் 10.5-க்குக் கீழே இறங்காது. 10-ஐத் தொட்டால் வயதாகிறது என்று பொருள். 9.6-க்கும் கீழே போனால், ஒன்று பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. காலையில் 12.6 காட்டிய பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 8-க்கு விழுந்தால், அதுதான் சேறு நிறைந்த தொட்டி. நின்ற நிலை வோல்ட் மட்டும் பார்த்திருந்தால் ஏமாந்திருப்போம்.

இன்னொன்றும் நடக்கலாம். மீட்டரில் 12.4-க்கு மேலேயே நிற்கிறது, ஆனால் செல்ஃப் சுற்றவே இல்லை, 'டிக்' மட்டும் வருகிறது. அப்போது பேட்டரி மேல் பழி போடாதீர்கள். கரண்ட் வெளியே போகவே இல்லை. டெர்மினல், எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் இவற்றில் ஒன்றில் கோளாறு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலும் மற்றொன்றை அதே கம்பத்தைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அந்த இணைப்புதான் குற்றவாளி.

மீட்டர் இல்லாதவர்கள் முகப்பு விளக்கை எரியவிட்டுச் செல்ஃப் அடித்துப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அடியோடு மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. பிரகாசமாகவே எரிந்தால் கோளாறு வேறெங்கோ. ஹாலஜன் பல்புக்கு இது சரி. எல்இடி விளக்குகள் வோல்ட் குறைந்தாலும் ஓரளவு ஒரே மாதிரி எரியும், அதை நம்ப முடியாது.

கடைகளில் இதையே கருவியால் செய்கிறார்கள். பழைய பாணி லோடு டெஸ்டர், பேட்டரியின் சிசிஏ அளவில் பாதி கரண்டைப் பதினைந்து வினாடி இழுக்கும். 21 டிகிரி வெப்பத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் தாங்கினால் தேறியது. சிசிஏ என்பது மைனஸ் 18 டிகிரி குளிரில் 30 வினாடிக்குப் பேட்டரி கொடுக்கக்கூடிய கரண்ட். நம் ஊருக்கும் அந்தக் குளிருக்கும் சம்பந்தமில்லை என்றாலும், பலத்தை ஒப்பிட இதுவே அளவுகோலாகிவிட்டது. இப்போது பரவலாக இருப்பது கையடக்க டிஜிட்டல் டெஸ்டர். பேட்டரிக்குப் பாரமே கொடுக்காமல், உள்ளே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து சிசிஏ கணக்கிட்டுச் சீட்டு அச்சிட்டுத் தரும்.

இந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டதும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, சோதிக்கும்போது வோல்ட் எவ்வளவு இருந்தது? 11.8-இல் வைத்துச் சோதித்துவிட்டு 'மாற்று' என்று வந்த சீட்டுக்கு மதிப்பில்லை. சார்ஜ் போட்டு மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு, பேட்டரியின் மேல் எழுதியுள்ள சிசிஏ எண்ணையும் அதே தர வகையையும் கருவியில் கொடுத்தார்களா? 300 என்று எழுதிய பேட்டரிக்கு 500 என்று கொடுத்தால், நல்ல பேட்டரியும் தோற்றுப்போகும். இது எப்போதும் ஏமாற்று வேலை என்று நாங்கள் சொல்லவில்லை; பெரும்பாலும் அவசரம்தான். ஆனால் பணம் போவது நம் கையிலிருந்து.

தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்குக் கூடுதல் வசதி

ஆறு மூடிகள் உள்ள பேட்டரி என்றால் ஒரு வகையில் அதிர்ஷ்டம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சோதிக்கலாம். இதற்கு ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாய் கடையில் கிடைக்கும். மெக்கானிக்குகள் 'கிராவிட்டி பார்ப்பது' என்பார்கள். அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் குச்சி எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்ப்பது. முழு சார்ஜில் 1.265 பக்கத்தில் இருக்கும். வெப்பப் பகுதிகளுக்கென்று தயாரான சில பேட்டரிகளில் 1.240 அளவே முழு சார்ஜ். எனவே பேட்டரியோடு வந்த குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1.150-க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது.

எண்ணைவிட முக்கியம் ஒற்றுமை. ஐந்து செல் 1.240 காட்டி, ஒன்று மட்டும் 1.180 காட்டினால் அந்தச் செல் நோயாளி. செல்களுக்கு இடையே 0.050-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேட்டரியை நம்பிப் பயணம் கிளம்ப வேண்டாம். ஆறும் ஒன்றுபோலக் குறைவாக இருந்தால், அது சார்ஜ் பற்றாக்குறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர் தண்ணீரோ, குடிக்கும் கேன் தண்ணீரோ, அமிலமோ அல்ல. சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுவது நல்லது. தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும் அவை மூழ்கும் அளவுக்கு முன்பே கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம்.

மூடியில்லாத பேட்டரிகளின் மேல் சின்னக் கண் ஒன்று இருக்கும். பச்சை தெரிந்தால் நல்லது, கறுப்பானால் சார்ஜ் தேவை, வெளுப்பாகத் தெரிந்தால் திரவம் குறைந்துவிட்டது. ஆனால் அந்தக் கண் ஆறில் ஒரு செல்லை மட்டுமே பார்க்கிறது. மற்ற ஐந்தில் ஒன்று செத்தாலும் இது பச்சையாகவே சிரிக்கும்.

வண்டி சார்ஜ் ஏற்றுகிறதா?

பேட்டரி நன்றாக இருந்து, அடிக்கடி இறங்கினால் இரண்டு சந்தேகம். ஏறவில்லை, அல்லது கசிகிறது. ஏறுகிறதா என்று பார்க்க, என்ஜின் ஓடும்போது விளக்கு, ஏசி எல்லாம் போட்டுவிட்டு பேட்டரியில் வோல்ட் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சரி. 13-ஐத் தாண்டவில்லை என்றால் டைனமோவையும் அதன் பெல்ட்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். 15-க்கு மேல் போனால் அளவுக்கு மீறி ஏறுகிறது. தண்ணீர் வற்றும், அழுகிய முட்டை நாற்றம் வரும், பேட்டரி சீக்கிரம் கெடும். புதிய கார்கள் சிலவற்றில் எரிபொருள் மிச்சத்துக்காகக் கணினியே இந்த அளவைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் ஒருமுறை பார்த்து முடிவு செய்யாமல், சிறிது நேரம் விட்டு விட்டுப் பாருங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி, இரண்டு இரவுச் சோதனை. சார்ஜ் நிறைந்த பேட்டரியோடு வண்டியைப் பூட்டிவிட்டு, இரவும் காலையும் வோல்ட் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் மீண்டும் நிறையச் செய்து, கறுப்பு ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு அதேபோல் குறியுங்கள். முதல் இரவில் மட்டும் தெளிவாக இறங்கினால் வண்டியில் ஏதோ ஒன்று கரண்ட் தின்கிறது. டிக்கி விளக்கு, டேஷ்போர்டு கேமரா, பிறகு பொருத்திய மியூசிக் செட், ஜிபிஎஸ் ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். கழற்றி வைத்த இரவிலும் இறங்கினால் குற்றம் பேட்டரிக்குள்ளேயே.

எந்தக் கோளாறும் இல்லாத காரிலும் கடிகாரம், அலாரம், கணினி எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். 50 என்றே வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரத்தில் பாதி, ஒரு மாதத்தில் காலி. பதினோரு மாதம் நின்ற வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகும்?

'வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லியிருக்கேன்' என்பவர்கள் நம்மில் அதிகம். ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடினால், ஸ்டார்ட் செய்யச் செலவானது திரும்பி வரும், அதற்கு மேல் கொஞ்சம் ஏறும். ஒரு வாரம் நின்றதில் போனது முழுவதும் திரும்பி வராது. அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்ட வேண்டும். ஓட்ட ஆளில்லை என்றால், ஊரை விட்டுக் கிளம்பும் முன் முழு சார்ஜ் போட்டு, கறுப்பு ஒயரைக் கழற்றி ஒதுக்கிக் கட்டிவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 10 நம்பர் ஸ்பேனர் போதும். பேட்டரி இல்லாதபோது ரிமோட் வேலை செய்யாது. சாவியால் கதவு திறக்க முடிகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றி வைத்தாலும் பேட்டரி தானாக மெல்ல இறங்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாராவது சார்ஜ் போட்டு வைக்க ஏற்பாடு செய்வது நல்லது.

இருசக்கர வாகனம்

ஸ்கூட்டர், பைக்குக்கும் வோல்ட் கணக்கு இதேதான். பேட்டரி மட்டும் மிகச் சிறியது, பலவற்றில் 3 முதல் 9 ஆம்பியர்-மணிக்குள். அதனால் இரண்டு வாரம் நின்றாலே ஹாரன் கம்மும், செல்ஃப் எடுக்காது. கார் சார்ஜரை அப்படியே மாட்டினால் கெட்டுவிடும். அரை ஆம்பியர் அளவில் மெதுவாக ஏற்ற வேண்டும். கிக்கர் இல்லாத புது வண்டி வைத்திருப்பவர்கள் பெருநாள் நெருக்கத்தில் கடை கடையாக அலையாமல், பத்து நாள் முன்பே ஒருமுறை வோல்ட் பார்த்துவிடுங்கள்.

வழியில் நின்றுவிட்டால்

இன்னொரு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போடும்போது வரிசை முக்கியம். சிவப்பு முதலில் இறங்கிய பேட்டரியின் கூட்டலில், பிறகு நல்ல பேட்டரியின் கூட்டலில். கறுப்பு நல்ல பேட்டரியின் கழித்தலில், கடைசி முனையை இறங்கிய பேட்டரியில் அல்ல, அந்த வண்டியின் என்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். அந்தப் பொறி ஹைட்ரஜன் பக்கத்தில் பறக்கக் கூடாது. கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாக. ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று அதோடு விட்டுவிடாமல், அன்றே முழு சார்ஜ் போட்டு மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிடுங்கள். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். வெப்பத்தில் பேட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும். அங்கே இரண்டு வருடம் தாண்டிய பேட்டரியைக் கோடைக்கு முன் ஒருமுறை சோதித்துவிட வேண்டும்.

மாற்றத்தான் வேண்டும் என்று உறுதியானால், பழையதற்குப் பணம் கழித்துக்கொண்டு புதியதை வாங்குங்கள். பழைய பேட்டரியின் எடையில் பாதிக்கும் மேல் ஈயம். 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையவற்றைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. கொல்லைப்புறத்தில் உடைத்து ஈயம் எடுப்பவர்களிடம் கொடுக்காதீர்கள். ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. பில்லையும் வாரண்டி அட்டையையும் ஆர்சி புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். அவற்றைப் போட்டோ எடுத்து வெளிநாட்டில் இருப்பவருக்கும் அனுப்பிவிடுங்கள். புதிய பேட்டரியின் மேல் ஒரு காகிதம் ஒட்டி, வாங்கிய தேதியையும், மறுநாள் காலை பார்த்த வோல்ட்டையும், செல்ஃப் அடிக்கும்போது இறங்கிய எண்ணையும் பேனாவால் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கும்போது ஒப்பிட அந்த இரண்டு எண்களும் தேவைப்படும்.